மைக்கில் கசியும் மேடை

ஹெவி மெட்டல் லைவ் ஆல்பம் ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்கும்போது, பாடகர் பாடாத இடங்களைக் கவனியுங்கள். வரி முடிந்த மறுகணம் சிம்பல்களின் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகள்) சலசலப்பு லேசாக மேலெழுந்தால், அந்தக் குரல் மேடையிலேயே பதிவானது என்பதற்கு அது நல்ல தடயம்.

பாடகர் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். மைக் அவர் முகத்தைப் பார்க்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ். ஆக, மைக்கின் காது கூர்மையாக இருக்கும் திசையில்தான் டிரம்ஸும் இருக்கிறது. வாய் மைக்கை ஒட்டியிருக்கும்வரை குரல் மற்றதை அமுக்கிவிடும். போதாததற்கு, கத்தலையும் முணுமுணுப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர குரலில் கம்ப்ரெஸர் போட்டிருப்பார்கள். குரல் நின்றதும் அது பிடியைத் தளர்த்தும், கசிந்து வந்த டிரம்ஸ் வீங்கும்.

இந்தக் கசிவு தாமதமாகவும் வருகிறது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம்மை ஒட்டிய மைக்கில் அடி உடனே விழும். மூன்றரை மீட்டர் முன்னால் நிற்கும் பாடகரின் மைக்கில் ஏறக்குறைய 10 மில்லிநொடி கழித்து. எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் மிக்ஸில் இரண்டும் சேரும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். பாடகர் மைக்கோடு நாலடி நகர்ந்தால் இந்த எண்களும் மாறும், அதோடு ஸ்நேரின் ஒலி நிறமும். ஸ்டுடியோ ஆல்பத்தில் கிடைக்காத இந்த அழுக்கு எனக்குப் பிடித்தமானது.

கூட்டத்தைப் பிடிக்கும் மைக் 30 மீட்டர் தள்ளி இருந்தால் தாமதம் 87 மில்லிநொடி. டிரம் அடி போன்ற வெடிப்பான ஒலியை அந்த இடைவெளியில் காது தனி எதிரொலியாகவே கேட்கும். அதனால் பாட்டு ஓடும்போது அந்த மைக்கைக் குறைத்து, முடிந்ததும் ஏற்றுவார்கள். அரங்கின் அளவை நமக்குச் சொல்வது இந்த மைக்தான். உறையில் இருக்கும் பெயரை நம்ப முடியாது: மோட்டர்ஹெட் இசைக்குழுவின் 1981 லைவ் ஆல்பத்தின் தலைப்பில் லண்டனின் ஹாமர்ஸ்மித் இருக்கிறது, பதிவின் பெரும்பகுதியோ லீட்ஸிலும் நியூகாசிலிலும் நடந்தது!

கிட்டாரில் இந்தத் துப்பறிதல் அவ்வளவாகப் பலிக்காது. ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை ஒட்டியே மைக் வைப்பார்கள், அதன் இரைச்சலில் வேறு எதுவும் உள்ளே நுழையாது. பின்னால் திருத்தினாலும் தெரியாது.

குரல் அப்படியல்ல. ஜூடாஸ் பிரீஸ்ட் இசைக்குழு 1979-இல் டோக்கியோவில் பதிவு செய்த லைவ் ஆல்பத்தில் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரல் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்க்கப்பட்டது. இப்படிச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. மேடையில் பாடிய பழைய குரல், மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் வழியாக டிரம்ஸ் மைக்குகளில் ஏற்கெனவே புகுந்திருக்கும். அதை அழிக்க டிரம்ஸையே அழிக்க வேண்டும். புதிதாகப் பாடுபவர் பழைய இழுப்பையும் நிறுத்தத்தையும் அப்படியே பின்பற்றாவிட்டால், சிம்பல்களுக்கு அடியில் இன்னொரு குரல் மங்கலாகக் கேட்கும்.

கசிவு இல்லையென்றாலே ஒட்டுவேலை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். குரல் நின்றதும் மைக்கைத் தானாக மூடிவிடும் நாய்ஸ் கேட் கருவி இருந்தாலும் அதே சுத்தம் கிடைக்கும். ஆனால் கேட் திறந்து மூடும்போது சிம்பலின் வால் பாதியில் வெட்டுப்படும். வரியின் கடைசி எழுத்தோடு சேர்த்துக் கேட்டால் பிடித்துவிடலாம்.