போனில் பளிச்சென்று தெரிந்த அட்டை

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டைப்பையோடு எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பையில் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு, பத்துப் பிரதிகள். பென்ஷன் பணத்தில் வேறொரு ஊரில் 300 பிரதி அடித்திருக்கிறார். ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, இதை எப்படியாவது சரிபண்ண முடியுமா?" என்றார்.

அட்டையில் அவர் ஊர் நடுகல். ராப்பரை, அதாவது முன் அட்டை, முதுகு, பின் அட்டை சேர்ந்த மேலட்டையை, பேரன் போனிலேயே ஒரு ஆப்பில் செய்து கொடுத்திருக்கிறான். கல்லில் வீரன் ஓங்கிய வாள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கல்லைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் படம் உடைந்திருந்தது. தலைப்பின் கடைசி எழுத்தைக் கட்டிங்கில் மிஷின் பாதி தின்றுவிட்டது. புத்தகத்தின் முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்பக்கத்துக்கு நழுவியிருந்தது. ஆறு வருஷம் எழுதிய கதைகள்.

தருமபுரியில் 18 வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இந்த வருஷம் மட்டும் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது. நாலு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "போன்ல நல்லாத்தானே தெரிஞ்சுது?"

தெரியத்தான் செய்யும். போன் திரையின் அகலம் உங்கள் உள்ளங்கை அளவு. அதில் எந்தப் படமும் நறுக்கென்றுதான் இருக்கும். அச்சுக்கு அது கணக்கில்லை. நம் ஊரில் அதிகம் அடிக்கும் டெமி சைஸ் 5.5 அங்குலத்துக்கு 8.5 அங்குலம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியானால் முன் அட்டைக்கு மட்டும் குறைந்தது 1650க்கு 2550 பிக்சல், அதாவது புள்ளி. ஆசிரியரின் படம் யாரோ ஸ்டேட்டஸில் வைத்ததிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட், அகலம் 720. அதை 5.5 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 131 புள்ளிதான் மிஞ்சும். வாள் கரையாமல் என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் சிலர், அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற எண்ணை மட்டும் சாஃப்ட்வேரில் மாற்றி, "சரி, 72ஐ 300 ஆக மாத்திட்டேன்" என்று அதே படத்தைத் திரும்ப அனுப்புவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மோரில் தண்ணீர் ஊற்றினால் சொம்பு நிறையும், மோர் கூடாது. கேமராவில் பதியாத புள்ளியை எந்த சாஃப்ட்வேரும் உண்மையாகக் கொண்டுவர முடியாது. ஒரிஜினல் படத்தைத் தேடுங்கள். கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டு வாருங்கள்.

நிறமும் அப்படித்தான். திரை ஒளியால் காட்டுகிறது, நாங்கள் நாலு மையால் அடிக்கிறோம். போனில் கண்ணைப் பறிக்கும் நீலமும் கிளிப்பச்சையும் தாளில் அடங்கித்தான் போகும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் அடங்கும். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் ஒரு கலர் பிரிண்ட் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முதுகுக்கு வருகிறேன். 128 பக்கம் என்று சொல்லி ஆசிரியர் வீட்டில் ராப்பரை முடித்துவிட்டார்கள். அப்புறம் அணிந்துரை வந்தது, வாழ்த்துரை இரண்டு வந்தது, விட்டுப்போன கதைகள் சேர்ந்தன, 192 பக்கம் ஆகிவிட்டது. உள்பக்கத்துக்குப் போடும் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள் ஒன்று ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். 64 தாளுக்கு முதுகு 6 மில்லிக்குள் அடங்கும், 96 தாளுக்கு 9 மில்லியை நெருங்கும். ராப்பரை யாரும் திருத்தவில்லை. உள்பக்கம் முடிந்து, தாளும் முடிவான பிறகுதான் முதுகு அளவை அச்சகத்தில் கேட்க வேண்டும். அளவு வாங்காமல் ராப்பரைத் தொடாதீர்கள்.

கட்டிங்கில் வெட்டுப்படும் கோட்டுக்கு நாலு ஓரத்திலும் படம் 3 மில்லி வெளியே நீள வேண்டும், எழுத்து 10 மில்லியாவது உள்ளே நிற்க வேண்டும். சில ஆப்களில் தமிழ் ஒழுங்காக உட்காராது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சொந்தப் பெயரையே பிழையாக அச்சிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைல் அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள், இல்லையென்றால் எங்கள் கம்ப்யூட்டரில் வேறு ஃபான்ட் வந்து உட்காரும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்காக யாரிடமும் பணம் கட்டாதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

கூகுளில் கிடைத்த ஒகேனக்கல் படம் உங்களுடையது அல்ல. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் போட்டோவுக்கும் உண்டு. 'நன்றி: இணையம்' என்று உள்ளே போட்டால் அது அனுமதி ஆகிவிடாது. எடுத்தவரைக் கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருபவர்கள் நிறைய பேர். ஏஐயில் வரைந்து கொண்டு வருபவர்களும் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். நம் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லை என்று ஒருவர் கொண்டு வந்ததில் நின்றது முழுக்கக் கோதுமைக் கதிர். விரல் மடக்கிய மாதிரி இருக்கும் கேழ்வரகுக் கதிரை அறுத்து வளர்ந்தவர்கள்தான் அந்தப் புத்தகத்தை முதலில் கையில் எடுக்கப்போகிறவர்கள்.

நீங்களே செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் குறைவு என்பது எனக்குத் தெரியும், உங்கள் கதைக்கு எது முகம் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு படம், தலைப்பு, உங்கள் பெயர், அது போதும். வாழ்த்துரை தந்தவர்களின் போட்டோ எல்லாம் அட்டையில் வேண்டாம்.

ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். ஒட்டிய அட்டையைப் பிரித்துப் புதிது போட்டால் மறுபடி ஓரம் வெட்ட வேண்டும், உள் ஓரம் இன்னும் ஒடுங்கும். வெளியே போகாத 200 பிரதிக்கு மட்டும் அப்படிச் செய்வது என்று முடிவானது. படத்துக்குப் பேரனிடம் பேசினேன். "நடுகல்லை உச்சி வெயிலில் எடுக்காதே தம்பி, புடைப்பெல்லாம் தட்டையாகிவிடும். காலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது, போனை நேராகப் பிடித்து எடு, ஜூம் பண்ணாதே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்குமெண்டாக ஒரு படம் வந்தது, அகலம் 3000 பிக்சல். திறந்து பெரிதாக்கினேன். வாள் இருந்தது, இடுப்பில் குறுவாளும் இருந்தது, காலடியில் அதுவரை யாருமே கவனிக்காத ஒரு மாடும் இருந்தது.