சம்பளம் பெரிது, ஓய்வுக்காலச் சேமிப்போ சிறிது

மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், மென்பொருள் துறையினர் என்று கைநிறையச் சம்பாதிப்பவர்களிடம் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிக் கேட்டால், "மாசம் இவ்வளவு போடறேன்" என்று தொகையைத்தான் சொல்வார்கள். தொகை பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியது, அது வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதை.

செலவு கூடினால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. சேமிப்பு குறைகிறது, ஓய்வுக்குப் பின் தேவைப்படும் தொகையும் ஏறுகிறது. ஓய்வு பெறும்போது ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு கையில் வேண்டும், பணவீக்கம் போக முதலீடு ஆண்டுக்கு 4% வளர்கிறது, சம்பளம் விலைவாசியோடு மட்டும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 10% சேமிப்பவருக்கு இலக்கைத் தொட ஏறக்குறைய 59 ஆண்டுகள் ஆகும். 20% என்றால் 41. 30% என்றால் 31. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியே இந்தக் கணக்கில் இல்லை, கவனியுங்கள். மேற்படிப்பெல்லாம் முடித்து 32 வயதில் சேமிக்கத் தொடங்குபவர், 20% போட்டாலும் 73 வயது வரை உழைக்க வேண்டியிருக்கும்.

அந்த 25 மடங்கு, 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்து, 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஐம்பதிலேயே வேலையை விட நினைப்பவருக்கு அது போதாது. 30 மடங்குக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

பல நாடுகளின் கட்டாய ஓய்வூதியத் திட்டங்களில் சம்பள உச்சவரம்பு உண்டு. வரம்புக்கு மேல் வாங்கும் சம்பளத்துக்கு அங்கே ஓய்வூதியம் சேராது. அதிகம் சம்பாதிப்பவர்தான் சொந்தமாக அதிகம் சேர்க்க வேண்டும்.

இருக்கிற செலவைக் குறைப்பது கடினம். வரப்போகும் உயர்வை ஒதுக்குவது எளிது. பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தில், ஊதிய உயர்வோடு சேமிப்பும் தானாக ஏறும்படி செய்தார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. ஒவ்வொரு உயர்விலும் பாதியை, புதுச் சம்பளம் வரும் முதல் மாதமே தானியங்கிப் பிடித்தமாக மாற்றிவிடுங்கள். இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அது புதுக் கார் தவணையாகிவிடும்.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகளிலேயே சேமிப்பைக் குவிப்பது இன்னொரு ஆபத்து. நிறுவனம் ஆட்டம் கண்டால் சம்பளமும் சேமிப்பும் சேர்ந்தே போகும். மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

செலவை மனக்கணக்காகச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். காப்பீடு, பயணம், கல்விக் கட்டணம் எல்லாம் மாதாமாதம் வருவதில்லை. பன்னிரண்டு மாத வங்கி, கடன் அட்டை அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை 25-ஆல் பெருக்குங்கள்.