நட்டு மழுங்காமல் இருக்க எந்த ஸ்பேனர்?

காரில் ஒரு நட்டு மழுங்கினால் நாம் துருவைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி, நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே இருந்த இடைவெளி. இந்த இடைவெளியை எந்த நிறுவனம் எவ்வளவு குறைவாக, எவ்வளவு ஒரே சீராக வைத்திருக்கிறது என்பதில்தான் கருவியின் பெயருக்கு மதிப்பு.

கணக்குப் போட்டால் புரியும். சிறிய கார்களின் வீல் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு தேவை (உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும்). 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 34 கிலோ அழுத்தினால் அது கிடைத்துவிடும். ஆனால் 19 மி.மீ. நட்டின் ஒரு பட்டை (தட்டையான பக்கம்) 11 மி.மீ. நீளம்தான். ஸ்பேனர் அழுத்துவது பட்டையின் ஓரத்தில், அதாவது நடுவிலிருந்து ஐந்தரை மி.மீ. தள்ளி. அவ்வளவு குட்டையான நெம்புகோலில் அதே முறுக்கு வரவேண்டுமென்றால், இரண்டே இடத்தில் தொடும், வாய் திறந்த ஓப்பன் ஸ்பேனர் ஒவ்வொரு இடத்திலும் 900 கிலோவுக்கு மேல் அழுத்தியாக வேண்டும். ஆறு இடத்தில் தொடும் பாக்ஸிலும் (நட்டின் மேல் கிண்ணம்போல் கவிழ்வது) ரிங்கிலும் (வளையமாகச் சூழ்வது) இது மூன்றில் ஒரு பங்காகிறது. இறுகிய நட்டை ஓப்பன் ஸ்பேனரால் தொடாதே என்று பட்டறையில் சொல்வது இதனால்தான்.

இடைவெளி கூடினால் நிலைமை இன்னும் மோசம். 12 மி.மீ. தலையில் 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் பாக்ஸ் ஒரு டிகிரிகூட ஆடாமல் பிடித்துக்கொள்ளும். அதுவே 0.4 மி.மீ. என்றால் மூன்றரை டிகிரி ஆடும். பட்டையில் படிய வேண்டிய சுவர், முனையைச் சாய்வாகக் கடிக்கும். நல்ல பாக்ஸ்களில் உள்மூலைகளைச் சற்றுக் குடைந்து, அழுத்தம் முனையை விட்டு விலகிப் பட்டையில் விழும்படி செய்திருப்பார்கள். அமெரிக்காவின் ஸ்நாப்-ஆன் இதைப் பிளாங்க் டிரைவ் என்ற பெயரில் பரப்பியது. இப்போது நடுத்தர விலைப் பாக்ஸ்களிலும் இது வருகிறது. பாக்ஸின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மூலைகள் வளைந்து குழிந்திருக்கும். கார் வேலைக்கு ஆறு மூலைப் பாக்ஸ் வாங்குங்கள். பன்னிரண்டு மூலை, கை திரும்ப இடமில்லாத சந்துக்கு மட்டும்.

எந்தெந்த அளவு வேண்டும் என்பதைக் கார்தான் முடிவு செய்யும். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் 8, 10, 12, 14, 17 மி.மீ. மிகுதி, வீல் நட்டுக்கு மாருதியில் 19, ஹூண்டாயில் 21. டாடா, மஹிந்திரா என்றால் 13 கட்டாயம் வேண்டும். பழைய அம்பாசடரின் அரை அங்குலத் தலையுள்ள போல்ட்டு 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் நுழையும், நுழைகிறதே என்று போட்டு இழுத்தால் முனை போய்விடும்.

இனி பெயர்கள். வீட்டில் தன் காரைத் தானே பார்ப்பவருக்கும் சிறு பட்டறைக்கும் நாசிக்கின் டப்பாரியா போதும் என்பது எங்கள் கருத்து. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வரும் ஈஸ்ட்மேன், டெல்லியின் டி நீர்ஸ் போன்றவற்றில் விலை குறைவு. ஒவ்வொன்றாகச் சோதித்து எடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டால்வில்லே, ஹசெட், ஜப்பானின் கோக்கென், கேடிசி ஆகியவை நாள் முழுக்க ஸ்பேனர் பிடிப்பவருக்குத்தான் காசுக்கு ஈடு. அவரும் செட் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. நட்டைத் தொடும் பாக்ஸிலும் ராட்செட்டிலும் (பாக்ஸைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) பணத்தைப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் (நீட்டுத் தண்டு), டி-பார் (டி வடிவக் கைப்பிடி) எல்லாம் சாதாரணமானதே போதும்.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ கடைக்குப் போகும்போது 12 மி.மீ. தலையுள்ள புது போல்ட்டு ஒன்றையும் வெர்னியர் அளவுகோலையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஓப்பன் ஸ்பேனரின் வாய் 12.1 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது, 12.3-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாயின் நுனியிலும் அடியிலும் அளந்து பாருங்கள். நுனி அகன்றிருந்தால் அது முதல் நாளே விரியும். ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், அந்த எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்த பக்குவத்தில்தான் பலம் இருக்கிறது. பக்குவம் கூடிப்போனால் உடையும், குறைந்தால் விரியும். பெயர் பெற்ற கம்பெனிக்கே போலியும் வரும் என்பதால் பில் வாங்குங்கள்.

ராட்செட்டில் 72 பல் என்றால் 5 டிகிரிக்கு ஒரு சொடுக்கு, 36 பல் என்றால் 10 டிகிரி. எஞ்சின் ஓரத்துச் சந்துகளில் 72 உதவும், ஆனால் மலிவான ராட்செட்டில் அந்தச் சிறு பற்கள் சீக்கிரம் வழுக்கும். எதுவானாலும், இறுகிய நட்டை முதலில் டி-பாரால் தளர்த்திவிட்டுப் பிறகு ராட்செட்டைப் போடுங்கள். கைப்பிடியில் பைப் சொருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் முறுக்கும் இரட்டிப்பாகும். ராட்செட்டின் பல் அதைத் தாங்காது. காற்றழுத்தத்தால் நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கிக்குப் பளபளக்கும் குரோம் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அடியில் அது சிதறிக் கண்ணில் பாயக்கூடும். அதற்கென்றே தடித்த சுவருள்ள கறுப்பு குரோம் மாலிப்டினம் பாக்ஸ் உண்டு.

பிரேக் பைப் நட்டு மென்மையானது. குழாய் குறுக்கே நிற்பதால் ரிங் ஸ்பேனர் நுழையாது, ஓப்பன் போட்டால் முனை மழுங்கும். ஒரு பக்கம் வெட்டுவிட்ட பிரேக் பைப் ஸ்பேனர் 10 மி.மீ. அளவில் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

உவரி, திருச்செந்தூர் பக்கத்து உப்புக்காற்றில் கருவிக்கும் துருப் பிடிக்கும். குரோம் பூச்சு உரிந்த இடத்தில்தான் அது தொடங்கும், உரிந்த விளிம்பு கையையும் கிழிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள்; ஸ்பிரிங் இறுகியே கிடந்தால் அளவு தவறும். ஆண்டுக்கு ஒருமுறையோ 5,000 முறை பயன்படுத்திய பிறகோ, எது முந்துகிறதோ அப்போது அளவு சரிபார்க்கக் கொடுங்கள்.