காலில் மரத்துப்போனால் இடுப்பை மட்டும் படமெடுத்தால் போதுமா?

பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்யும் ஒரு பெண்மணியைச் சென்ற மாதம் புதுச்சேரிக்கு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதங்களில் தொடங்கிய மரத்துப்போதல் தொப்புள்வரை ஏறி, வயிற்றைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியது போலாகி, நான்காம் நாள் சிறுநீரும் அடைத்துக்கொண்டது. ஆனாலும் இடுப்பு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்குதல்) என்று இருந்த ஒரே காரணத்தால் பதினொரு நாட்கள் இடுப்புக்கே வைத்தியம் நடந்திருக்கிறது. உண்மையில் அவருக்கு இருந்தது தண்டுவட அழற்சி, அதாவது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டில் ஏற்படும் அழற்சி. இப்படி வருபவர்களில் இவர் முதலாமவர் அல்லர்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. கால்களுக்கான நரம்பிழைகள் கழுத்து, நெஞ்சு வழியாகத்தான் இறங்குகின்றன என்பதால், அழற்சி நெஞ்சுப் பகுதியில் இருந்தாலும் தள்ளாடுவது கால்தான். கடலூர் முதுநகரில் விளக்கு அணைந்தால் கம்பி முதுநகரிலேயே அறுந்திருக்க வேண்டுமா? நெய்வேலியிலிருந்து வரும் வழியில் எங்கும் அறுந்திருக்கலாம் அல்லவா? நாற்பதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் இடுப்பு ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் தெரியும். இரு கால்களும் மரத்து, சிறுநீரும் அடைபட்டவருக்கு அதையே விடையாகக் கொள்வது பெரும்பிழை. முழு முதுகுத்தண்டையும் படமெடுத்தபோது, இந்தப் பெண்மணியின் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில் ஐந்து முள்ளெலும்புகளின் நீளத்துக்கு அழற்சி தெரிந்தது.

முதல் சில நாட்களில் படம் சரியாகவே இருக்கவும் கூடும்; அறிகுறிகள் வளர்ந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே இதைக் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, எனவே அந்தப் பயம் வேண்டாம். (தாலியைக் கழற்றுவதா என்று ஒரு மாமியார் அரை மணி நேரம் வாதாடினார், மஞ்சள் கயிறு போதும், அம்மா. உலோகம்தான் உள்ளே வரக்கூடாது.)

சிறுநீர் அடைத்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூன்று முதல் ஐந்து நாட்கள் ஊசி வழியே தரப்படும் ஸ்டீராய்டைக் கேள்விப்பட்ட கதைகளுக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பு மண்டலத்தையே தாக்கும்போது இரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம்) உள்ளதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை முக்கியமானது. அது இருப்பவர்களுக்கு நோய் திரும்பத் தாக்கக்கூடும் என்பதால், நடக்க முடிகிறதே என்று அதைத் தடுக்கத் தரும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவோரிடம் எனக்குக் கோபம் வருகிறது.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றவும் வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெயிலில் கால் தளர்ந்து, உடல் குளிர்ந்ததும் சரியானால் அது பெரும்பாலும் புதிய தாக்குதல் அன்று. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் தாமதிக்காமல் வந்து காட்டுங்கள்.

குணமான பிறகும் படத்தில் தழும்பு தெரியலாம்; தழும்பு மறைந்தவர் தடுமாறி நடக்கவும் செய்யலாம். நாங்கள் சிகிச்சை தருவது படத்துக்கு அன்று. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஸ்கேன் படங்கள் தேவைப்படும். தயவுசெய்து அந்தக் குறுந்தகட்டை எறிந்துவிடாதீர்கள்.