மூட்டு சேர்ந்தது, கை ஏன் எழவில்லை?

தோள் இறங்கி வந்தவரின் கையை மருத்துவர் மெல்ல இழுத்துச் சுழற்றுகிறார். ‘டொக்’கென்று எலும்பின் தலை குழிக்குள் போய் உட்காருகிறது. உயிர் போகும் வலி அப்போதே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது. கையைத் தூளியில் கட்டி அனுப்புகிறார்கள். சில வாரம் கழித்துத் தூளியை அவிழ்த்தால், கை பக்கவாட்டில் எழ மறுக்கிறது. தோளின் உருட்சி வற்றி, எலும்பு முனை துருத்தி நிற்கிறது. இழுத்த இழுப்பில் நரம்பு போய்விட்டது என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

அந்தச் சந்தேகம் சில வேளை உண்மை. ஆனால் பெரும்பாலும் நரம்பு அடிபட்டது கீழே விழுந்த அந்த நொடியில்தான். காரணம் அதன் பாதையில் இருக்கிறது. கழுத்தின் 5, 6ஆம் நரம்பு வேர்களிலிருந்து வரும் அக்குள் நரம்பு, அக்குளுக்குப் பின்னால் தசைகளுக்கிடையே உள்ள நாற்கோணச் சந்து ஒன்றில் நுழைந்து, மேற்கை எலும்பின் கழுத்தை ஒட்டிப் பின்னாலிருந்து முன்னால் வளைகிறது. தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசையை இயக்குவது அதுவே. தோள்மூட்டு பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவுகிறது. அப்போது எலும்பின் தலை முன்னும் கீழுமாக இறங்கி, மேலே வேரிலும் கீழே தசையிலும் கட்டுண்ட நரம்பைக் கயிறுபோல் முறுக்கி இழுக்கிறது. மூட்டு வெளியே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த இழுப்பு நீடிக்கிறது.

சிகிச்சையும் நரம்பைக் காயப்படுத்தக்கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுப்பது ஹிப்போகிரட்டீஸ் காலத்து முறை. நரம்புகள் ஓடும் இடத்திலேயே அந்த அழுத்தம் விழுகிறது. அதனால்தான் இன்று வலியைக் குறைத்து, தசை தளர்ந்த பிறகு, அவசரமில்லாமல் சேர்க்கிறார்கள்.

காயம் முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று சொல்லக்கூடிய நேரம் ஒன்றே ஒன்றுதான்: கையை இழுப்பதற்கு முந்தைய சில நிமிடங்கள். மேற்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு உணர்ச்சி தருவது இதே நரம்பு. அங்கே தொட்டுப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அது மட்டும் போதாது. உணர்ச்சி சரியாக இருந்தும் தசை செயலிழந்தவர்கள் உண்டு. டெல்டாய்டின் மேல் விரலை வைத்து, முழங்கையை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளச் சொன்னால், தசை இறுகுகிறதா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். சேர்த்த பிறகும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இந்த இரண்டு குறிப்புகளையும் நான் எக்ஸ்ரேக்கு இணையாக மதிக்கிறேன். வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: தோளைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிந்தாலும் கை எழாது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

நரம்புக்குள் நடப்பது என்ன? போர்க்காயங்களை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன், 1943இல் நரம்புக் காயத்தை மூன்றாக வகுத்தார். முதலாவதில் இழைகள் அறுபடுவதில்லை. உறை மட்டும் நசுங்கி, சைகை தடைப்படுகிறது. நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்துவிட, அவற்றைச் சுமக்கும் குழாய்கள் மிஞ்சுகின்றன. மூன்றாவதில் நரம்பே துண்டாகிறது. தோள் நழுவலுக்குப் பின் வருபவை பெரும்பாலும் முதல் இரண்டும்தான்.

இரண்டாம் வகையில் காயத்துக்குக் கீழுள்ள இழை சிதைந்து, துப்புரவாகி, பிறகு மேலிருந்து புது முளை அந்தக் குழாய் வழியே நீள்கிறது. வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. 10 செ.மீ. தொலைவு என்றால் மூன்று மாதத்துக்கு மேல். இது அலட்சியமாகக் காத்திருக்கும் காலம் அல்ல. மூட்டு இறுகாமல் பயிற்சி தர வேண்டும். தசையின் மின் பரிசோதனையை முதல் நாளிலேயே செய்தால் ஏமாற்றிவிடும். சிதைவின் அடையாளங்கள் தெரிய மூன்று வாரம் போல ஆகும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மீட்சியின் சுவடே இல்லையென்றால், நரம்பு அறுவை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓராண்டைத் தாண்டியும் நரம்பு வந்து சேராத தசை அதை ஏற்கும் தகுதியை மெல்ல இழந்துவிடும். முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகளில் ஒன்றை எடுத்து அக்குள் நரம்போடு இணைப்பது இன்று கைகொடுக்கும் ஒரு வழி.

நரம்பு பின்னாலிருந்து முன்னால் சுற்றி வருவதால் டெல்டாய்டு தசையின் பின்பகுதிக்கே முதலில் உயிர் வருகிறது. முழங்கையைப் பின்னால் தள்ளும்போது அங்கே விரலுக்கடியில் ஒரு மெல்லிய துடிப்பு தெரியும். கை எழ அதற்குப் பிறகும் வாரங்கள் ஆகலாம். தசையின் முன்பகுதி கடைசியில்தான் விழிக்கும்.