லாஸ் வேகாஸில் ஒரு இரவு: ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு

ஜூலை மாதம், விடியற்காலை 5 மணி. சட்டைப் பையில் ஒரு கேசினோ (சூதாட்ட விடுதி) ரசீதுச் சீட்டுடன் அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். வயது 68. திருச்சிப் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்; மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் இரண்டு நாள் சுற்றுலா. வாந்தி, தலைசுற்றல், பேச்சில் லேசான குழப்பம். முந்தைய நாள் முழுவதும் இரண்டு முறைதான் சிறுநீர் கழித்ததாக அவருக்கு நினைவு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவுப் பொருள் கிரியேட்டினின்; ஊரில் கிளம்புமுன் எடுத்த பரிசோதனையில் 1.1 ஆக இருந்தது, எங்களிடம் வந்தபோது 3.6.

“வெயிலில் நாங்கள் நிற்கவே இல்லை டாக்டர், எல்லாமே ஏசிதான்” என்றார் மகன். பொய் சொல்லவில்லை. அமெரிக்கச் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் கோடைதோறும் காதில் விழுகிறது. இங்கே நான் எழுதும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை.

முதலில் இந்த ஊரின் காற்றைப் பற்றி. மொஹாவி பாலைவனத்துக்குள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருக்கிறது லாஸ் வேகாஸ். 2024 ஜூலை 7 அன்று 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 49 டிகிரி செல்சியஸ் பதிவானது. வெப்பத்தை எல்லோரும் பேசுகிறார்கள். வறட்சியை யாரும் பேசுவதில்லை. சென்னையில் வியர்த்தால் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், உடம்பே சொல்லிவிடும். இங்கே வியர்வை தோலில் தங்காமல் ஆவியாகிவிடுகிறது. “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று பெருமையாகச் சொல்லும் பெரியவரின் உதடு வெடித்திருக்கும். ஏசி அறையிலும் அதே வறண்ட காற்றுதான். வயது ஏற ஏறத் தாக உணர்வும் மங்கும் என்பதால், “தாகமாக இருந்தால் கேட்பார்கள்” என்று விட்டுவிடுவது அறுபதைத் தாண்டியவர்களிடம் எடுபடாது.

ஆசிரியரின் கதைக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 270 மைல். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானிக் கோபுரம் நிற்கிறது. 1913இல் அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கு என்ற பாலைவனப் பகுதியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக வைத்தது. குடும்பம் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டது. பெரியவர் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “கழிப்பறைக்கு அடிக்கடி நிறுத்தச் சொன்னால் பிள்ளைக்குச் சிரமம்.” நம் அப்பாக்களும் அம்மாக்களும், குறிப்பாக அம்மாக்கள், வாயைக் கட்டிக்கொண்டு பயணம் செய்வதில் தேர்ந்தவர்கள். கேட்காமலேயே ஒன்றரை மணிக்கு ஒருமுறை காரை நிறுத்துங்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

விடுதிக்கு வந்த பிறகு நடை. இந்த விடுதிகள் சிலவற்றில் அறைகளின் எண்ணிக்கையே ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வரவேற்பறை, அங்கிருந்து சூதாட்டத் தளத்தின் ஊடாக மின்தூக்கி, பிறகு முடிவே தெரியாத தாழ்வாரம். சாப்பிட மறுபடி இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு மாலைக்குள் வலி வந்துவிடும். அவருக்கும் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த டயக்ளோஃபினாக் மாத்திரையை மாலையில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று என்று போட்டுக்கொண்டார். காலையில் வழக்கமான பிரஷர் மாத்திரை: டெல்மிசார்டானும், சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. தமிழ்நாட்டில் மிகப் பரவலாக எழுதப்படுவது.

இதில்தான் கண்ணி. சிறுநீரகத்தின் வடிகட்டியை ஒரு சிறு குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வரத்து வாய்க்கால், மறுபக்கம் மடை. உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் மடையைக் கொஞ்சம் இறுக்கி, குளத்தில் மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். டெல்மிசார்டான் அந்த மடையை இறுக்க விடாது. நல்ல நாளில் அதுவே அதன் பலன். டயக்ளோஃபினாக் வரத்து வாய்க்காலைக் குறுக்கும். சிறுநீர் பெருக்கியோ ஏற்கெனவே ஆற்றில் நீரைக் குறைத்துவிட்டது. மூன்றும் ஒரே நாளில், அதுவும் தண்ணீர் குடிக்காத நாளில், சேர்ந்தால் குளம் காய்கிறது. எங்கள் துறையில் இதை மும்முனை அடி என்று பாடம் எடுப்பார்கள். பாலைவனம் வேண்டியதே இல்லை, ஊரில் வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே ஆபத்துதான். ஆனால் பாலைவனம் இதை ஒரே நாளில் செய்து முடிக்கிறது.

ஆகவே, பயணத்துக்கு முன்பே பெற்றோரின் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பிடவோ குடிக்கவோ முடியாமல் போனாலோ எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மூட்டு வலிக்கு டயக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் வகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ இல்லாதவர்களுக்குப் பாராசிட்டமால் கொடுங்கள். விடுதியில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கௌரவம் பார்ப்பார்கள், பேரப் பிள்ளையைத் தள்ளச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் விஷயத்தில் ஒரு விலக்கு: இதயச் செயலிழப்போ, முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவு குறித்திருந்தால் அதை மீற வேண்டாம்.

ராத்திரி என்ன நடந்தது? குடும்பம் தூங்கிவிட்டது. இவருக்குத் தூக்கம் வரவில்லை. கோடையில் இந்த ஊருக்கும் நம் ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், இரவும் பகலும் அப்படியே தலைகீழ். அமெரிக்கா வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கீழே இறங்கினார். சூதாட்டத் தளத்தில் ஜன்னல் கிடையாது, சுவரில் கடிகாரம் தேடினால் கிடைக்காது, நள்ளிரவு 2 மணிக்கும் மாலை 6 மணி வெளிச்சம். ஸ்லாட் எனப்படும், காசு கட்டி ஆடும் சூதாட்ட இயந்திரத்தின் முன் நாற்காலி மெத்தென்று இருக்கும். விளையாடுபவர்களுக்கு மது இலவசம். இவர் இனிப்பான ஏதோ பழரசம் என்று நினைத்து இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறார். ஒரு டாலர் கட்டி நாற்பது சென்ட் திரும்பி வந்தாலும் இயந்திரம் மேளம் கொட்டும். அறுபது சென்ட் நட்டத்துக்கு மேளம்! நான்கு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பசி, தாகம், சிறுநீர், தூக்கம் எல்லாவற்றையும் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். கேட்க விடாதபடிதான் அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் பார்க்கும் கோளாறு வேறு மாதிரி. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலை 7 மணிக்குப் பழக்கத்தில் விழுங்கிவிடுவார்கள். பிள்ளைகளோ இரவு 1 மணிக்குப் படுத்து, 10 மணிக்கு எழுந்து, 11 மணிக்கு பஃபே என்று திட்டம் போட்டிருப்பார்கள். இங்குள்ள பல விடுதி அறைகளில் காபி போடும் கெண்டிகூட இருக்காது. இடையில் சர்க்கரை இறங்கி, அம்மா குளியலறையில் விழுந்துகிடப்பார். முந்தைய இரவு மது அருந்தியிருந்தால் இறக்கம் இன்னும் மோசம். சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகுதான் அந்த மாத்திரை. தலைமாட்டில் பிஸ்கட்டும் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும்.

இன்சுலினைப் பற்றி ஒன்று. அறையில் இருக்கும் சிறு குளிர்பெட்டி பல விடுதிகளில் உணர்கருவி வைத்தது. உள்ளிருக்கும் புட்டியை நகர்த்தினாலே கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பயந்து இன்சுலினைக் காரிலேயே விட்ட குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். மூடிய கார் இங்கே அடுப்பு. அந்த இன்சுலின் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், வேலைதான் செய்யாது. வரவேற்பில் மருந்துக்கென்று தனிக் குளிர்பெட்டி கேளுங்கள்; பெரும்பாலும் தருவார்கள்.

நீச்சல் குளத்தைச் சுற்றியிருக்கும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கோடைப் பிற்பகலில் இந்த ஊர்த் தார்ச்சாலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். கோயில் பிரகாரத்தில் உச்சி வெயிலில் நடந்து பழகிய கால்தானே என்பார்கள். செருப்பை மாட்டிவிடுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த ஊரில் ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது: அறைக்குப் போகாதீர்கள். 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, கேசினோக்களில் திடீரென்று இதயத் துடிப்பு நின்றுபோனவர்களைப் பற்றியது. அதிர்ச்சி கொடுத்துச் சரிப்படுத்தக்கூடிய வகைத் துடிப்புக் கோளாறோடு விழுந்தவர்கள் 105 பேர். காவலர்களே கையடக்க ஏ.இ.டி. கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 53 சதவீதத்தினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். சாய்வதை யாராவது பார்த்து, மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கப்பட்டவர்களில் 74 சதவீதம். கூரை முழுக்கக் கேமரா. சீட்டைத் திருடுகிறவனைப் பிடிக்க வைத்த கண், சாய்ந்து விழுகிறவரையும் பார்த்துவிடுகிறது. அறைக்குள் கேமரா இல்லை. “கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும், வாயுதான்” என்று மேலே போனவர்களைக் காலையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இருக்கும் இடத்திலேயே உட்காரவைத்து, பக்கத்தில் நிற்கும் காவலரைக் கூப்பிட்டு, அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க: லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுப் புகைத்தடைச் சட்டம் கேசினோவின் சூதாட்டத் தளத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. இன்ஹேலர் பெட்டியில் அல்ல, கையில்.

மற்றொரு நோயாளியின் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். கணவர் வாழ்நாளில் லாட்டரிச் சீட்டுகூட வாங்காதவர். ஓராண்டாகக் கைப்பேசியில் ரம்மி, இங்கே வந்ததும் இரவு முழுக்க இயந்திரம். “புத்தி கெட்டுப்போய்விட்டது” என்று மகன் பேச்சையே நிறுத்திவிட்டார். மாத்திரைப் பட்டியலைப் பார்த்தேன். நடுக்கம் தரும் நரம்பு நோயான பார்க்கின்சனுக்குப் பிராமிபெக்சால். இந்த வகை மருந்து சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட உந்துதலைக் கிளப்பும். 2005இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மனநல மருந்தான அரிபிபிரசோலுக்கும் இதே எச்சரிக்கையை 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்டது. அவருடைய நரம்பியல் மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்த பிறகு உந்துதல் தணிந்தது. மகன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது; கேட்டிருக்க வேண்டும். இந்த மருந்துகளை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

காப்பீட்டுக் கவலையால் ஆசிரியரின் குடும்பம் மூன்று மணி நேரம் தாமதித்தது. முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்குமா என்பதைப் பாலிசி வாங்கும்போதே பாருங்கள். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைப்படுத்த வேண்டும் என்று 1986இலிருந்து கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும், உண்மைதான். அதைப் பேசித் தவணையாக்கலாம்.

இரண்டு நாள் சிரை வழியே திரவம் ஏற்றினோம், மாத்திரைகளை நிறுத்தினோம். நான்காம் நாள் கிரியேட்டினின் 1.4க்கு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் அவருடைய சட்டையை மடித்துக் கொடுத்தார். மீதிப் பணத்துக்கு இயந்திரம் தந்த சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தார் ஆசிரியர்: 11 டாலர் 40 சென்ட். “இது இன்னும் செல்லுமா டாக்டர்?” என்று கேட்டார். மகன் கையிலிருந்த தண்ணீர் புட்டியைத் திறந்து நீட்டினார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.