சூரியன் வரும்வரை நிற்கும் அந்த நேரம்

கலியாண வீடுகளில் படம் பிடிப்பது என் தொழில். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கிவிட்டால், மே மாதம் வெசாக் பண்டிகை வரை இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாறு பேராகக் கூட்டிக்கொண்டு மலையேறி, உச்சியிலிருந்து சூரிய உதயத்தைப் படமும் வீடியோவும் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். பதினோரு பருவம் ஆகிவிட்டது. ஏறும்போது என் குழுவில் யாருக்கும் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. நடந்ததெல்லாம் உச்சியில் சும்மா நின்றபோதுதான்.

வழக்கமாக நடப்பது இது. அடிவாரத்து ஊரான நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கு மேல் படி. எல்லோரும் பயந்துபோய் இரவு பன்னிரண்டுக்கே கிளம்பிவிடுவார்கள். கால் வலுவுள்ள பொடியன்கள் மூன்று மணிக்கே மேலே போய்விடுவார்கள். சூரியன் வருவதோ பெப்ரவரியில் 6.25ஐ ஒட்டி, ஏப்ரல் கடைசியில் ஆறு மணிக்குக் கிட்ட. இடையில் இருக்கும் நேரம் முழுக்க வியர்வையில் நனைந்த பெனியனோடு காற்றில் நிற்பதுதான்.

உச்சி 2,243 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை பாகை குளிர் கூடும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் இரவு 24 பாகை என்றால் மேலே பத்துக்கும் கீழே. ‘பத்து பாகைதானே’ என்று சிரிக்கிறவர்களுக்கு ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கும் முதல் பருவத்தில் தெரியவில்லை. விடியும் நேரத்தில் விரல் மரத்துப்போய், ஷட்டர் பொத்தான் எது என்று தடவிக்கொண்டே நின்றேன். அன்றைய படங்கள் எல்லாம் ஆட்டம்.

ஆகவே இரண்டு மணிக்கு முன்னால் நான் யாரையும் படியில் ஏற விடுவதில்லை. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். சீக்கிரம் போய்விட்டால் மேலே நிற்காமல், வழியிலுள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்திருங்கள். பொலித்தீன் பையில் சுற்றிய உலர்ந்த பெனியன் ஒன்று, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, காதை மூடும் தொப்பி ஒன்று. ஈரத்தை உச்சிக்குப் போகும் முன்பே மாற்றிவிட வேண்டும். மேல்முற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருக்கும், சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி, அதற்குக் கனமான காலுறை. குளிருக்கு என்று சாராயம் வேண்டவே வேண்டாம். புனிதத் தலம் என்பது ஒரு பக்கம். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும், உடம்பு சுடுவதுபோலத் தோன்றுவது பொய். சீனி போட்ட பிளேன்டீ குடியுங்கள். பக்கத்தில் நிற்பவர் நடுங்கினால் கவனியுங்கள். அவர் பேச்சுக் குழறினாலோ, குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுவிட்டாலோ படத்தை மறந்துவிட்டு அவரைக் கீழே கடைக்கு இறக்குங்கள்.

இனி கண். இதைத்தான் நான் அதிகம் சொல்வேன்.

2019 டிசம்பர் 26ஆம் திகதி வளையச் சூரிய கிரகணம் வடக்கில் தெரிந்தபோது சனங்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! அதே ஆட்கள் உதய சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கிறார்கள். சிவப்பாக இருக்கும் முதல் ஓரிரு நிமிடத்தில் வெளிச்சம் மங்கல்தான். ஆனால் மலைக்காற்று துப்புரவாக இருக்கும் நாளில் அது சட்டென்று ஏறிவிடும். லென்ஸ் வழியாகப் பார்ப்பது இன்னும் மோசம். என்னோடு வந்த ஒரு பொடியன் 400 மில்லிமீட்டர் லென்ஸைப் உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கெமராவில் (டிஎஸ்எல்ஆர்) மாட்டி, சூரியன் முழுதாக எழுந்த பிறகும் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே இருந்தான். வலியே இல்லையாம். இருக்காது, விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. மறுநாள் காலை போன் பண்ணினான்: “அண்ணா, பேப்பர் வாசிக்கிறப்ப நடுவுல ஒரு எழுத்து காணாமப் போகுது.” கண் டொக்டர் விழித்திரையின் நடுவில் சூடுபட்டிருப்பதாகச் சொன்னார். இதற்கென்று தனி மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான். சில மாதத்தில் பெரும்பாலும் தேறிவிட்டான். முழுதாக இல்லை.

அந்த வகைக் கெமராவில் லென்ஸ் திரட்டும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேரே உங்கள் கண்ணுக்குத்தான் வருகிறது. அதனால் சூரியன் தலைகாட்டும் முன்பே ஃபிரேமை அமைத்துவிட்டு, பின்திரையைப் பார்த்து எடுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமரா, போன் இரண்டிலும் கண்ணுக்கு வருவது திரையின் வெளிச்சம் மட்டுமே என்பதால் அந்த ஆபத்து இல்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி, என்டி ஃபில்டர், போட்டிருக்கிறேனே என்பார்கள். அது படத்துக்கான இருட்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதைத் தாண்டி வரலாம். கூலிங்கிளாஸும் காவல் இல்லை.

இவ்வளவு பெரிய லென்ஸ் தேவையா என்றும் கேட்டுக்கொள்ளலாம். லென்ஸின் மில்லிமீட்டரை ஏறக்குறைய நூற்றுப்பத்தால் வகுத்தால் சென்சரில் சூரியன் விழும் அளவு வரும். 400இல் அது நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. போனில் வெறும் புள்ளி. பெரிய சூரியன் வேண்டுமென்றால் 400 வேண்டும். ஆனால் மலைகள் அடுக்கடுக்காக மேகத்துக்கு மேலே நிற்பதைக் காட்ட 70 போதும், எனக்கு அதுதான் பிடிக்கும். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். போனில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் சரி. படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் வைட் பேலன்ஸை ஓட்டோவில் விட்டால் அந்தச் செம்மஞ்சளைச் சாயம்போன வேட்டி மாதிரி ஆக்கிவிடும், பகல் வெளிச்சத்தில் வையுங்கள். சூரியன் தன் விட்டம் அளவு நகரச் சுமார் இரண்டு நிமிடம்தான் எடுக்கும். அந்த நேரத்தில் செற்றிங் தேட முடியாது.

வீடியோவுக்கு ஒரு சின்ன விஷயம். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். படிவரிசை விளக்குகளோடு எடுக்கும்போது நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் மினுக்கம் வராது.

அப்புறம், எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரும்பி மேற்கே போங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்து கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால் என்று சொல்வார்கள். அதுமட்டும் காரணம் இல்லை. பல கிலோமீட்டர் நீளும் நிழலை உச்சியில் நின்று பார்க்கிறோம், தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோல அதன் இரு ஓரமும் கூடித் தெரிகிறது. தட்டை உச்சி மலைகளின் நிழலும் இப்படித்தான் முக்கோணமாகத் தெரியும். சூரியன் ஏற ஏற அது அடிவாரத்தை நோக்கிச் சுருங்கும். அகல லென்ஸ் போதும், கண்ணுக்கு ஆபத்தும் இல்லை.

ட்ரைபொட்டை விரிக்க அங்கே இடமில்லை. முற்றம் சிறியது, நிற்பவர்களில் பாதிப் பேர் கும்பிட வந்தவர்கள். உதயத்தை ‘இர சேவய’ என்று கும்பிடும் சிங்கள ஆச்சியின் நெஞ்சுக்கு முன்னால் மூன்று காலை நீட்டுவது எனக்கு வெட்கமாக இருக்கும். கைப்பிடிச் சுவரில் ஒரு துணிப்பையை வைத்து, அதன்மேல் கெமராவை வைத்து எடுக்கிறேன். பாதம் இருக்கும் சந்நிதிப் பக்கம் லென்ஸைத் திருப்புவதில்லை.

இறங்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டுப் போனைப் பிடிக்காதீர்கள். 1344இல் வந்த இப்னு பதூதா இந்த மலையில் சங்கிலியைப் பிடித்து ஏறியதை எழுதிவைத்திருக்கிறார். இப்போது கம்பிக் கைப்பிடி இருக்கிறது, பிடிக்கத்தான் ஆளில்லை. முழங்கால் நடுங்குகிற அந்த நேரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டே படி இறங்கியவர்கள் விழுந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கெமராவைக் குளிரிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். நல்லதண்ணிக் கடையின் சூட்டில் திறந்தால் லென்ஸுக்குள் பனி படியும். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் ரொட்டியும் சம்பலும் வந்துவிடும்.